கவி கட்டிய கரைக்கு றப் அந்நியமா?

அஸர் தொழுகை முடிந்த கையோடு கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனால், ஏற்றிவைத்த தோணிகளின் நிழலில் பொடியன்கள் குந்தியிருப்பார்கள். ஒருவன் ஃப்ரீ ஃபயரில் டயமண்ட் போடக் கூட்டாளியிடம் கடன் கேட்பான். இன்னொருவனின் போனில் சென்னைப் படப் பாட்டு ஓடும். மூன்றாமவன் றப் வரிகளை மூச்சுவிடாமல் சொல்லிப் பழகுவான். பெரியவர்களின் பேச்சில் இந்த மூன்றும் ஒரே குற்றப்பத்திரிகையில் ஏறிவிடுகின்றன. மூன்றும் ஒன்றல்ல.

ஃப்ரீ ஃபயர், சிங்கப்பூரின் கரேனா நிறுவனத்தின் சரக்கு. விளையாடக் காசில்லை, உடுப்புக்கும் துப்பாக்கியின் பகட்டுக்கும்தான் காசு. இந்தியா 2020 இல் பப்ஜியையும் 2022 இல் ஃப்ரீ ஃபயரையும் தடைசெய்தபோது சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பல்ல. அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் மின் விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஆகவே விளையாட்டைப் பாவம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் களமும் விதியும் வேறெங்கோ தீர்மானமாகின்றன. கல்முனைப் பொடியன் அங்கே எவ்வளவு கெட்டிக்காரனானாலும் வாடிக்கையாளன்தான்.

சினிமாவில் நமது நிலை இன்னும் கீழே. ‘தெனாலி’யிலும் (2000) ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யிலும் (2025) இலங்கைத் தமிழ் என்று சென்னை எடுத்துக்கொண்டது யாழ்ப்பாணச் சாயலை. “என்னகா, மறுகா வாறன்” என்று பேசும் ஒரு கரை உண்டென்பது அந்தத் திரைக்குத் தெரியாது. நாமே படம் எடுக்கலாமே என்றால், முதலும் தியேட்டரும் சந்தையும் வேண்டும்.

றப்புக்கு வேண்டியது நாக்கு. 1973 இல் நியூயோர்க்கின் பிரோன்க்ஸில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர் தமது குடியிருப்பில் நடத்திய விருந்தைத்தான் ஹிப்ஹொப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். ஏழைகளின் வட்டாரத்துப் பேச்சு, மெருகேற்றாமலே மேடையேறியது. தமிழில் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006 இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பால் வழி திறந்தார்கள். இலங்கையின் ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் ரஹ்மான் இசையமைத்த ‘கடல்’ படம்வரை போனார்.

இந்தக் கரைக்கு இது புதிதா? வயற்காவல் பரணில் இரவிரவாகக் கவி சொன்னவர்கள் நமது மூத்தவர்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அந்தக் கவிகளைத் தேடித்தேடிப் பதிவுசெய்தார். பொல்லடியில் அண்ணாவியார் பாட்டின் வேகத்தைக் கூட்டக்கூட, வட்டத்தில் ஆடுபவர்களின் பொல்லுகள் தாளம் பிசகாமல் மோதும். எதுகையும் தாளமும் இங்கே இறக்குமதிச் சரக்கல்ல.

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. றப்புக்கு வாத்தியம் கட்டாயமில்லை. வாயும் கைத்தட்டும் போதும். றபான் அடித்த ஊர்களில் இதற்கு இடம் காண்பது கடினமல்ல. கெட்ட வார்த்தை, பெண்களை இழிவுபடுத்தும் வரி, துப்பாக்கிப் பெருமை ஆகியவை மீதான கோபம் நியாயமானது. அதற்கு மருந்து நல்ல வரி.

கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வழியாக அந்த மக்களின் குரலைத் தமிழுக்குத் தந்தார். பின்னாளில் அதே பலஸ்தீன வேதனையை லோட் நகரத்து இளைஞர்களின் ‘டாம்’ குழு அரபு றப்பாக உலகுக்குச் சொன்னது. கவிதையை மதிக்கிற சமூகம் றப்பை மட்டும் கழிசடை என்று தள்ளுவதில் தர்க்கமில்லை. சுனாமியில் உறவுகளை இழந்த வீடுகளும், வெளிநாட்டுச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களும், மருதமுனைத் தறிகளும் பாடுபொருளாகக் காத்துக் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தமிழ்த் தினப் போட்டியிலும் மீலாத் போட்டியிலும் சொந்தமாக எழுதிய றப் என்னும் சொல்லிசைக்கு ஒரு பிரிவு வைக்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பழைய கவிகளின் ஒலிப்பதிவுகளைத் திரட்டி இளைஞர் கைக்கு எட்டச் செய்யலாம். போனைப் பறிப்பதில் செலவழிக்கும் சக்தியில் பாதி இதற்குப் போதும்.