டென்னிஸ் பந்தயமும் காண்போர் கடமையும்

கொடைரோடு சுற்றுவட்டாரத்து இளைஞர் கபடிப் போட்டியிலும் ஜல்லிக்கட்டிலும் பழகியவர்கள். அவ்விடங்களில் ஆரவாரமே ஆட்டத்திற்கு உயிர். அத்தகையோர் ரயிலேறிச் சென்னை சென்று நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கில் அமர்வார்களாயின், அமைதி காக்கும்படி நடுவர் விடுக்கும் வேண்டுகோள் வெள்ளையர் விட்டுச்சென்ற வீண் மிடுக்காகவே அவர்களுக்குத் தோன்றக்கூடும். நம் மாணவருள்ளும் இவ்வாறு வாதிப்போர் உளர். அவ்வாதம் பொருந்தாதென்பதே எமது கருத்து.

டென்னிஸ் ஆடுவோர் கண்ணால் மட்டுமன்றிச் செவியாலும் ஆடுகின்றனர். எதிராளியின் மட்டையில் பந்து மோதும் ஓசையைக் கொண்டே அதன் வேகத்தையும் சுழற்சியையும் ஓரளவு உய்த்துணர்கின்றனர். 2016-ஆம் ஆண்டு நியூயார்க் பந்தயத்தில், மூடிய கூரைமீது மழை பெய்த இரைச்சலால் பந்தின் ஓசை கேட்கவில்லையென்று ஆண்டி மர்ரே என்னும் பெருவீரரே குறைப்பட்டுக்கொண்டார். மழையை அடக்க ஒருவராலும் இயலாது. நம் நாவையும் கைப்பேசியையும் அடக்க இயலுமன்றோ?

எனினும் வழக்கங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஆடுவோர் பக்கம் மாறும் வேளையிலன்றி ஒருவரும் இருக்கைக்குச் செல்லலாகாதென்பது நெடுநாளைய கட்டுப்பாடு. ஆஸ்திரேலியப் பந்தயத்தார் 2024-இல் அதனைத் தளர்த்தி, ஒவ்வொரு ‘கேம்’ முடிவிலும் செல்லலாமென்றனர். அதனால் ஆட்டம் கெட்டுவிடவில்லை.

நாம் பெரிதும் வெறுக்கத்தக்கது வேறொன்றுண்டு. எதிராளி சர்வீஸில் இருமுறை தவறியவுடன் எழும் கரகோஷமே அது. நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆடவர் பந்தயமும், 2022 செப்டம்பரில் மகளிர் பந்தயமும் நடைபெற்றன. அம்மகளிர் பந்தயத்தில் வென்ற செக் நாட்டு லிண்டா ஃப்ருஹ்விர்தோவாவுக்கு அப்பொழுது வயது 17. அதே பந்தயத்தில் நம் நாட்டுக் கர்மன் தாண்டியும் ஆடினார். நம்மவர் அடித்த நல்லடிக்கு நாம் ஆர்ப்பரித்தல் இயல்பே. அதனை எவரும் பழியார். ஆனால் கடல் கடந்து தனியே வந்து நிற்கும் ஓர் இளம்பெண்ணின் தவறுக்குக் கைதட்டுதல் விருந்தோம்பும் நாட்டினர் செயலாகுமா?

தன்னாட்டின்மீது பற்றுள்ள கூட்டத்தினிடம் இத்தகைய நடுநிலையை எதிர்பார்த்தல் வீண் என்பர் சிலர். 1999 ஜனவரி 31-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்ததை அவர்கள் மறந்தனர் போலும். சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. நெஞ்சம் உடைந்திருந்த அக்கூட்டம் எழுந்து நின்று கைதட்டி வென்றோரை வாழ்த்தியது. பாகிஸ்தான் வீரரும் மைதானத்தை வலம்வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். அது கிரிக்கெட்டேயாயினும், கைதட்டியோர் இம்மண்ணின் மக்களே. சேப்பாக்கத்திற்கும் நுங்கம்பாக்கத்திற்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே.