தவணையைக் கேட்காதீர்கள், மொத்தத்தைக் கேளுங்கள்

காலனித் தெருவில் ஒரு புதிய கார் வந்து நின்றால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஊர்ப்பக்கம், “இவனுக்கு எதுக்குக் காரு?” என்பார்கள். நம் பெரியவர்களில் சிலர், “கடன் வாங்கி இந்த ஆடம்பரம் தேவையா?” என்பார்கள். முதல் பேச்சில் இருப்பது சாதி. இரண்டாவதில் இருப்பது அக்கறை. ஆனால் இரண்டு பேருமே கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. அந்தக் கார் எந்தக் கடனில் வந்தது? என்ன வட்டி? காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வண்டி என்பது நமக்கு வெறும் வசதி இல்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, தீண்டப்படாதவர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1929இல், அவர் படித்துப் பட்டம் பெற்று பாரிஸ்டர் ஆன பிறகு, சாலிஸ்காவ் என்ற ஊரில் குதிரைவண்டிக்காரர் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார். வண்டி ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, அது விபத்தில் சிக்கி, பாபாசாகேப்பின் கால் முறிந்தது. நூறாண்டு ஆகப்போகிறது. இன்றும் தமிழ்நாட்டில் தலித் இளைஞர் புல்லட்டில் போனால் பொறுக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகள் கார் வாங்குவதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். வாங்கிய கார் ஏழாம் மாதம் தெருவில் எல்லோரும் பார்க்க இழுத்துச் செல்லப்படக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் கார் வாங்க நினைக்கும் நம் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்பதே. கடன் கொடுப்பவருக்கும் இந்தக் கேள்விதான் பிடிக்கும். தவணையை எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாகக் காட்டலாம். மொத்தத்தை மறைக்க அதுவே வழி.

ஒரே வட்டி, இரண்டு கணக்கு

பத்து லட்ச ரூபாய் கார். இரண்டு லட்சம் முன்பணம், எட்டு லட்சம் கடன், ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் 9.5 சதவீத வட்டி என்கிறார்கள். இன்னோரிடத்திலும் அதே 9.5 சதவீதம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும்.

முதலாவது, நீங்கள் அசலைக் கட்டக் கட்ட மீதி நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறை. ‘டிமினிஷிங்’ என்பார்கள். மாதம் சுமார் ரூ.16,800. ஐந்து ஆண்டில் மொத்த வட்டி சுமார் ரூ.2,08,000.

இரண்டாவது, ‘ஃப்ளாட் ரேட்’. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு எட்டு லட்சத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் சுமார் ரூ.19,670. மொத்த வட்டி ரூ.3,80,000. முதல் முறைக்கு மாற்றிப் பார்த்தால் இந்த வட்டி 9.5 இல்லை, ஏறத்தாழ 16.5 சதவீதம்.

வித்தியாசம் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அதற்குள் முடிந்துவிடும்.

தவணை அதிகமாகத் தெரிந்தால், “ஏழு வருஷமா போட்டுக்கலாம் தம்பி” என்பார்கள். வங்கி வட்டியிலேயே ஏழு ஆண்டு போட்டால் தவணை ரூ.13,075 ஆகக் குறையும். மொத்த வட்டியோ சுமார் ரூ.2,98,000 ஆக ஏறும். மாதம் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று நினைத்து, தொண்ணூறாயிரம் கூடுதலாகக் கட்டுகிறோம்.

இவ்வளவு தெரிந்தும் நம் பிள்ளைகள் ஏன் தனியார் ஃபைனான்ஸுக்குப் போகிறார்கள்? அங்கே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். “சார்” என்று கூப்பிட்டு, டீ கொடுத்து, இரண்டே நாளில் கடனை முடித்துத் தருகிறார்கள். வங்கியில் நிற்க வைக்கிறார்கள். இன்று மேலாளர் இல்லை, நாளை வா என்கிறார்கள். ஜாமீன் யார், சொத்து என்ன என்கிறார்கள். ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் பார்த்ததும் முகம் மாறுகிறது. மூன்று முறை நடந்தவன் நான்காம் முறை மரியாதை கிடைக்கும் இடத்துக்குப் போகிறான். அந்த மரியாதைக்கும் சேர்த்துத்தான் அங்கே வட்டி. வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்மேல் விழும் சாதி வரிதான் அந்த ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.

எந்த வாசலை முதலில் தட்டுவது?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். கார் வீட்டுக்கா, தொழிலுக்கா? தொழிலுக்கு என்றால் மஞ்சள் போர்டில் பதிவு செய்யுங்கள். வரி மிச்சம் என்று வெள்ளை போர்டில் எடுத்துச் சவாரி ஓட்டினால், விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். கடன் மட்டும் நம் தலையில் நிற்கும்.

தொழிலுக்கு என்றால் முதல் வாசல் தாட்கோ. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. அதே பத்து லட்ச ரூபாய் காருக்கு மூன்றரை லட்சம் மானியம் போனால் கடன் ஆறரை லட்சம்தான். வட்டி மானியத்தைக் கணக்கில் சேர்க்காமலே தவணை ரூ.13,650க்கு வந்துவிடும், அதுவும் ஐந்தே ஆண்டில். இரண்டு மூன்று வண்டி வைத்துத் தொழில் நடத்த நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். அதிலும் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய்.

ஒன்றை மறக்கக் கூடாது. விண்ணப்பம் முதலில், வண்டி பிறகு. காரை எடுத்துவிட்டு மானியம் கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மானியம் கடன் கணக்கில் எப்போது சேரும், தொடக்கத்திலா கடைசியிலா என்பதையும் வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வாசல், பொதுத்துறை வங்கியின் நேரடி வாகனக் கடன். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்கும் இதுவே முதல் வழி. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ உள்ளவர்கள் ஷோரூமில் கால் வைக்கும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள். கடன் இங்கே உறுதியான பிறகு ஷோரூமுக்குப் போனால், அங்கே காட்டும் காகிதத்தோடு ஒப்பிட உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

தனியார் ஃபைனான்ஸ் கடைசி வாசல். அங்கேதான் போக வேண்டும் என்ற நிலை வந்தாலும், ஃப்ளாட்டா டிமினிஷிங்கா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வாசலானாலும் முன்பணத்துக்குக் கந்துவட்டி வேண்டாம். அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணமும், காரை அடகு வைத்து மீதியும் என்றால் அது ஒரே நேரத்தில் இரண்டு கடன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் வண்டி ஓட வேண்டும்.

சவாரி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. முகூர்த்த நாட்களும் மேல்மலையனூர் அமாவாசைச் சவாரியும் நன்றாக அமைந்த மாதத்து வருமானத்தை வைத்துத் தவணையைத் தீர்மானிக்காதீர்கள். மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகை வருமானத்தை வைத்துத் தீர்மானியுங்கள். டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் போக அந்த மாதத்திலும் கட்ட முடிகிற தொகைதான் நமக்கான தவணை.

சட்டம் நம் பக்கம் வைத்திருப்பவை

எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பதாரரின் கடன் மனுவைக் கிளை மட்டத்திலேயே நிராகரிக்கக் கூடாது. அடுத்த மேல்நிலை அதிகாரிதான் நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அரசின் சுயதொழில் திட்டங்களில் கடன் கேட்கும் நம் மக்களிடம் டெபாசிட் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இவை ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதித்துள்ள நெறிகள். எத்தனை கிளைகளில் இது சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது? “உனக்கெல்லாம் லோன் கிடையாது” என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். மனுவைக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ ஃபைனான்ஸோ, தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். நமக்குத் தமிழில். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை உங்கள் ஒப்புதல் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. ஃப்ளாட் வட்டியின் முகமூடி கழலும் இடம் அந்தக் காகிதம்தான். முன்கூட்டிக் கடனை அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

தவணை தவறிவிட்டால் ஓடி ஒளியாதீர்கள். கிளைக்குப் போய் நிலைமையை எழுதிக் கொடுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. கடன் முடிந்தால் 30 நாளில் அசல் ஆவணங்களைத் தந்துவிட வேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. வங்கியிடம் புகார் செய்தும் முறையான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தொலைபேசி எண் 14448.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் கடன் வாங்குகிறவர் தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது. தாட்கோ பரிந்துரைத்து அனுப்பிய மனு வங்கி மேசையில் மாதக்கணக்கில் கிடந்தால், அந்த மானியம் அறிவிப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதியை முறையாக ஒதுக்கிச் செலவிட 2024இல் சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் உயிர் வங்கிக் கிளைகளில்தான் சோதிக்கப்படும்.

மாவட்ட ஆட்சியரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. எந்த வங்கிக் கிளைக்கு எத்தனை தாட்கோ மனுக்கள் போயின, எத்தனைக்குக் கடன் கிடைத்தது, எத்தனை மறுக்கப்பட்டன, ஏன்? மாதம் ஒருமுறை இந்தப் பட்டியலை ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முன்னோடி வங்கி மேலாளரை வைத்து நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் மறுப்புக் காரணங்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களிடம் கேட்பதும் பெரிதல்ல. எழுத்தில் மறுப்பு கிடைத்தவர்கள் அதன் நகலோடு திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். எழுத்தில் தர மறுத்தால், கிளையின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் வந்தால் அது தனிமனிதன் மனு. இருபது பேர் ஒரே நாளில் வந்தால், மாவட்ட நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கணக்கு.