பெயின்ட் கணக்கில் வரும்... சனிக்கிழமை வருமா?

சனி, ஞாயிறு வந்துவிட்டால் வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் ரோட்டில் பைக்கும் காருமாக இருக்கும். சுமார் 25 கிலோமீட்டர்தான். 1967-ல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா, மழை பெய்திருந்தால் அருவி, கையோடு கொண்டுவந்த பிரியாணி என்று பொழுது போய்விடும். சாயங்காலம் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஷூ கம்பெனி, ஐ.டி., வங்கி என ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய.

அருவியோடு திரும்பாமல் அதே மலையில் இன்னும் மேலே ஏறினால் ஜவ்வாது மலையின் பள்ளிகள். சில, பள்ளிக் கல்வித் துறையுடையவை. சில, பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள். வனத் துறை நடத்துகிற பள்ளிகளும் உண்டு. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியின வீட்டுப் பிள்ளைகள். (பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.) பல வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டுகிற முதல் ஆள், இப்போது பள்ளியில் இருக்கிற அந்தப் பிள்ளைதான்.

இந்தப் பள்ளிகளுக்குத் தனியார் நிறுவனங்கள் என்ன செய்ய முடியும்? கேட்டவுடன் வருகிற பதில்: வகுப்பறை, கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு, சுவருக்கு பெயின்ட். தேவைதான், சந்தேகமில்லை. ஆனால், நிறுவனங்கள் அந்தப் பக்கமே சாய்வதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் - இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். நிதி என்று நாம் கேள்விப்படுவது இதுதான். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஊழியர் ஒருவர் பள்ளிக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தால், அந்த நேரத்துக்கு விலை போட்டு இந்தக் கணக்கில் எழுதலாமா? 2016 ஜனவரியில் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் இதற்கு விளக்கம் கொடுத்தது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள், நல்லதுதான். ஆனால், அவர்களின் இலவச உழைப்பைப் பணமாக்கிக் கணக்கு காட்ட முடியாது என்றது. போலிக் கணக்கைத் தடுக்க அது நியாயமான விதி. நடைமுறையில் என்ன ஆகிறது? பெயின்ட் டப்பாவுக்கு பில் உண்டு, சனிக்கிழமைக்கு பில் கிடையாது. மார்ச் மாதத்துக்குள் நிதியைச் செலவழிக்க வேண்டிய அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

மலையில் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015-ஐ நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களையும் அடிவாரக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். படிப்பு பாதியில் நின்ற பையனைத் தேடி புரோக்கர் வருகிறார், முன்பணம் தருகிறார். ‘பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் போட்டாயா?’ என்று கேட்கிற ஆள்தான் வருவதில்லை.

கேட்க ஆள் இருந்தால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவிகித இடம் உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் கலந்தாய்வுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கீழே நகரத்தில் வீட்டுக்கு ஒரு அண்ணனோ அத்தை மகளோ இதைச் சொல்லிவிடுவார்கள். மலையில் அந்த அண்ணன் இல்லை. நிறுவன ஊழியர் நிரப்ப வேண்டியது அந்த இடத்தைத்தான்.

யாரும் வழிகாட்டாமலே ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாவது நாளில் தேர்வு எழுதி, 2024-ல் 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். குடும்பம் உடன் நின்றது. ஆனால், எல்லாப் பிள்ளைகளும் அப்படியொரு மன உறுதியோடுதான் படித்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்.

வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. 2022 டிசம்பர் 19-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவர், செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதர். நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அரசுப் பள்ளிகளோடு சேர்ப்பதுதான் நோக்கம். யோசனை புதிதல்ல. காமராஜர் ஆட்சியில், 1958-ல், கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பெஞ்சும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆள் கொடுப்பதற்கும் முன்மாதிரி உண்டு. நடிகர் சூர்யாவின் அகரம் ஃபவுண்டேஷன், 2010-ல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில் கல்லூரிக் கட்டணத்தோடு நிற்காமல் தன்னார்வ வழிகாட்டிகளையும் கூடவே அனுப்புகிறது. சென்னையில் பிறந்த ‘பூமி’ அமைப்பு நிறுவன ஊழியர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொள்கிறது.

ஆர்வத்தில் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பின் வழிகாட்டிகளையும் பிள்ளைகளையும் வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஓராண்டுக்கு மேல் ஒரே வழிகாட்டியோடு இருந்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் அதிகம். மூன்றே மாதத்துக்குள் அந்த உறவு முறிந்த பிள்ளைகளுக்கோ, தன்மீதான மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. ‘அண்ணன் வரலை, நான் என்ன தப்பு பண்ணேன்?’ என்று யோசிக்கிற வயது அது. கேக், பலூன், குரூப் போட்டோவோடு ஒருநாள் கூத்தாக முடிகிற விசிட்கள் பிள்ளைகளுக்கு எதையும் விட்டுச் செல்வதில்லை. மூன்று மாதம் பழகிவிட்டுக் காணாமல் போவது அதைவிட மோசம்.

அதனால், நிறுவனம் முதலில் பார்க்க வேண்டியது பள்ளித் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். பள்ளி எந்தத் துறையின் கீழ் இருக்கிறதோ, அங்கே அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைத் தனியே சந்திக்காமல் ஆசிரியர் முன்னிலையில் சந்திப்பது எல்லோருக்கும் நல்லது. ஐந்து பிள்ளைகளுக்கு ஓர் ஊழியர், மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிக் கல்லூரிச் சேர்க்கை வரை என்று சிறிதாக ஆரம்பிக்கலாம். உறைவிடப் பள்ளி என்றால் சனிக்கிழமையும் விடுதியில் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த நாளை நிறுவனம் சம்பளத்தோடு கூடிய வேலை நாளாகக் கொடுக்கட்டும். சி.எஸ்.ஆர். கணக்கில் வராவிட்டாலும் பரவாயில்லை.

வர முடியாத சனிக்கிழமை என்றால், முதல் நாளே தலைமையாசிரியருக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். இரண்டு, மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருக்கும்.