மனைப் பத்திரமும் ஆற்று வெள்ளமும்

சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய ஏழையிடம் அங்கீகாரம் கேட்டு வதைப்பது அநீதி என்று நண்பர் வாதிக்கிறார். அவருடைய காருண்யம் மெய்யானதே. ஆயினும், வாய்க்காலைத் தூர்த்து, வயலில் எல்லைக்கற்களை நட்டு, கிரயம் முடிந்ததும் மறைந்துவிடும் வியாபாரிக்கே அக்காருண்யத்தின் பலன் போய்ச் சேருகிறது. எங்கள் சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கும் அடையாறு, 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, பத்திரம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் பார்க்கவில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்த பிறகு, 2017-இல் வந்த வரன்முறை விதிகளும் நீர்நிலை மனைகளை ஏற்கவில்லை. அத்தடையையும் தளர்த்துவது ஏழைக்கு உபகாரமன்று. மனை பிரிக்கும் நாளிலேயே தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகள் அச்சமின்றிப் பிரயோகிக்க வேண்டும். நண்பர் அதைக் கோரட்டும்.