தீனி என்ற பிழை: ஈஸ்ட்ரோஜனும் அதன் ஏற்பியும்

மார்பகப் புற்றுநோயைப் பற்றிய பொதுப்பேச்சிலும், இதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும், சில வேளைகளில் மருத்துவர்கள் நோயாளிக்கு எளிமையாக விளக்க முற்படும்போதுங்கூட ஒரு கூற்று ஏறக்குறைய எதிர்ப்பின்றி நிலவிவருகிறது: பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனே இந்நோய்க்குத் தீனி, அது கிடைக்கும் வரை கட்டி வளரும், அதைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடந்து வாடும். புராஸ்டேட் புற்றுநோயைப் பொறுத்தவரை இதே பழி டெஸ்டோஸ்டீரோன் மீது சுமத்தப்படுகிறது. இக்கூற்று முழுப்பொய்யாக இருந்திருந்தால் மறுப்பது எளிது. பாதி உண்மையாக இருப்பதனாலேயே அது நூறாண்டுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

அந்தப் பாதி உண்மை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவரான ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியதைக் கண்டு 1896-இல் லான்செட் இதழில் அறிவித்தார். ஈஸ்ட்ரோஜன் என்றொரு பொருள் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. 1941-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ், விரைகளை நீக்கினால் புராஸ்டேட் புற்றுநோய் தணிகிறது என்று காட்டி, 1966-இல் நோபல் பரிசையும் பெற்றார். சுரப்பியை எடுத்தால் கட்டி சுருங்குகிறது, ஆகவே சுரப்பு கட்டியின் உணவு என்ற முடிவுக்கு வருவதில் அன்றைய மருத்துவ உலகுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

ஆனால் இம்முடிவுக்கு எதிரான சான்று தொடக்கத்திலேயே கண்முன் கிடந்தது. பீட்சனின் வழியைப் பின்பற்றிய மருத்துவர்களின் நோயாளிகளை 1900-இல் ஸ்டான்லி பாய்டு தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே பயன் கிட்டியிருந்தது. 1950-களில் சூலகத்தோடு நில்லாமல், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளையும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியையும் அகற்றும் கடுமையான அறுவைகள் நடந்தபோதும் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஈஸ்ட்ரோஜன் உண்மையிலேயே மார்பகக் கட்டிகளின் பொது உணவாக இருந்திருந்தால், அதன் ஊற்றுகள் அனைத்தையும் அடைத்த பிறகும் பெரும்பான்மைக் கட்டிகள் ஏன் சற்றும் அசையவில்லை என்ற கேள்விக்குத் தீனிக் கொள்கையிடம் விடை இல்லை. அந்தப் பெண்கள் பயனற்ற பெரும் அறுவைகளைத் தாங்கினார்கள் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

விடை வந்தது புற்றுநோய் ஆய்விலிருந்து அன்று, இளம் எலிகளின் கருப்பையிலிருந்து. ஹக்கின்ஸின் அழைப்பால் ஹார்மோன் ஆய்வுக்கு வந்த வேதியியலாளர் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன் உடலுக்கு என்ன செய்கிறது என்று கேட்பதை விடுத்து, உடல் ஈஸ்ட்ரோஜனை என்ன செய்கிறது என்று கேட்டார். எலியின் கருப்பையை வளரச் செய்ய ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான எஸ்ட்ராடையால் போதும் (ஈஸ்ட்ரோஜன்களில் வலிமை மிக்கது எஸ்ட்ராடையால்); அவ்வளவு நுண்ணிய அளவைப் பின்தொடர அன்றிருந்த கதிரியக்கக் கார்பன் அடையாளம் போதாது. எனவே ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும், ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிட்டியத்தை மூலக்கூறினுள் ஏற்றி, மிகச் செறிவான கதிரியக்கம் கொண்ட எஸ்ட்ராடையாலைத் தாமே உருவாக்கினர். அதைப் பருவமெய்தாத பெண் எலிகளுக்குச் செலுத்தி ஒவ்வோர் உறுப்பாக அளந்தபோது, குருதியிலும் தசையிலும் கல்லீரலிலும் கதிரியக்கம் விரைவில் வடிந்தது. கருப்பையிலும் யோனியிலும் மட்டும் அது மணிக்கணக்கில் தங்கியது. அங்கு தங்கியதைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, செலுத்திய எஸ்ட்ராடையால் அணுவளவும் மாறாமல் அப்படியே இருந்தது.

மறுப்பின் உயிர்நாடி இந்த ஒரு சோதனையில்தான் இருக்கிறது. அடுப்பில் இட்ட விறகு எரிந்து சாம்பலாகாமல் சமையல் நடக்காது. தீனி என்பதும் எரிபொருள் என்பதும் செலவாக வேண்டியவை. கருப்பை பெருத்து வளர்ந்தபோதும் எஸ்ட்ராடையால் செலவாகவில்லை. உடைக்கப்படவில்லை, வேறொன்றாக மாற்றப்படவும் இல்லை. அன்றைய செல்வாக்குள்ள கோட்பாடு இதற்கு நேர் எதிரானது: எஸ்ட்ராடையால் எஸ்ட்ரோனாகவும் எஸ்ட்ரோன் மீண்டும் எஸ்ட்ராடையாலாகவும் மாறும் சுழற்சியில் ஹைட்ரஜனைக் கைமாற்றி, நொதிகளின் வேலைக்குத் துணைசெய்வதன் மூலமே இந்த ஹார்மோன் இயங்குகிறது என்று அது கூறியது. அக்கோட்பாட்டை முன்வைத்த பால் டலாலேயும் கை வில்லியம்ஸ்-ஆஷ்மனும் ஜென்சன் பணியாற்றிய அதே சிகாகோ ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான குறும்புகளில் ஒன்று. 1958-இல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் ஜென்சன் தம் முடிவைப் படித்தபோது, அவரே பின்னாளில் சொன்னபடி, அரங்கில் ஐவரே இருந்தனர். அவர்களில் மூவர் அதே அமர்வில் பேசக் காத்திருந்தவர்கள். கூட்டம் முழுவதும் வேறோர் அரங்கில், ஈஸ்ட்ரோஜனின் நொதிச்செயலைப் பற்றிய கருத்தரங்கில் இருந்தது.

கருப்பையில் எஸ்ட்ராடையாலைப் பிடித்து வைத்திருப்பது எது? அந்தச் செல்களில் மட்டும் அதைத் தேர்ந்து பற்றும் ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று ஜென்சன் கருதினார். அதற்கு ஏற்பி என்று பெயர். 1966-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜாக் கோர்ஸ்கியும் டேவிட் டாஃப்ட்டும் அது ஒரு புரதம் என்று காட்டினர். பற்றுதலும் வளர்ச்சியும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா, தற்செயலாக ஒரே இடத்தில் நிகழ்பவையா என்ற ஐயத்தை ஜென்சனின் குழு இரு பக்கமும் சோதித்துத் தீர்த்தது. நாஃபாக்சிடின் என்னும் ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது பற்றுதல் குறைந்த அளவுக்கு வளர்ச்சியும் குறைந்தது, செல்லினுள் ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசினைக் கொடுத்தபோது வளர்ச்சி நின்றது, பற்றுதலோ தொடர்ந்தது. ஆக, பற்றுதலே முதற்படி, வளர்ச்சி அதன் பின்விளைவு. ஹார்மோன் ஏற்பியை இயக்குகிறது. இயங்கும் ஏற்பி செல்லின் கருவிலுள்ள டி.என்.ஏ.வில் அமர்ந்து, குறிப்பிட்ட மரபணுக்களைச் செயல்படவைக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் பங்கு ஒரு செய்தியைக் கொண்டுசேர்ப்பதோடு முடிகிறது.

இது ஆய்வகச் சொற்போர், நோயாளிக்கு எரிபொருள் என்றால் என்ன, செய்தி என்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மூன்றில் இரு பங்குப் பெண்களுக்கு அறுவை ஏன் பயனளிக்கவில்லை என்ற பழைய புதிருக்கு விடை இங்கேதான் இருந்தது: அவர்களின் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏற்பியே இல்லை, அல்லது மிகக் குறைவாக இருந்தது. 1971-இல் ஜென்சனின் குழு, கட்டியின் ஒரு துண்டிலேயே ஏற்பியை அளந்து, சுரப்பி நீக்கம் யாருக்குப் பயன்படாது என்பதை முன்கூட்டியே கூற முடியும் என்று காட்டியது. இன்று உலகெங்கும் மார்பகப் புற்றுநோயின் திசு அறிக்கையில் ஏற்பியின் நிலை குறிக்கப்படுவது அதன் வழிவந்த வழக்கம். ஏற்பியுள்ள நோயில், மார்பகத்தில் அந்த ஏற்பியைத் தடுக்கும் டாமாக்சிபென் மாத்திரையை ஐந்தாண்டு உட்கொண்ட பெண்களிடையே, முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும், ஏற்பியில்லாத நோயில் அம்மருந்தால் பயன் ஏறக்குறைய ஏதுமில்லை என்றும் பல ஆய்வுகளின் தொகுப்பை 2011-இல் லான்செட் வெளியிட்டது. இரு பிரிவினரின் குருதியிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கத்தான் செய்தது.

குருதியில் இருக்கும் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற துணைக்கூற்றும் நிற்காது. மாதவிடாய் நின்ற பிறகு குருதியில் ஈஸ்ட்ரோஜன் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. ஆயினும் ஏற்பியுள்ள மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி அதன் பிறகே தோன்றுகிறது. மார்பகத் திசுவே தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனை அங்கேயே தயாரித்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம்.

தீனிக் கொள்கையைத் தலைகீழாக்கும் சான்று சிகிச்சை வரலாற்றிலேயே உண்டு. 1944-இல் இலண்டனின் அலெக்சாண்டர் ஹாடோ, செயற்கை ஈஸ்ட்ரோஜன்களை மிகுந்த அளவில் கொடுத்து, முற்றிய மார்பகக் கட்டிகள் சிலவற்றைச் சுருங்கச் செய்தார். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்த பெண்களிடம் இது நன்கு வேலைசெய்ததால், டாமாக்சிபென் புழக்கத்துக்கு வரும்வரை டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் வழக்கமான மருந்தாகவே இருந்தது. தீனியை அள்ளிக் கொட்டியதும் கட்டி இளைத்தது என்றால் அந்தத் தீனியின் இலக்கணம் என்ன? இது பழங்கதையும் அன்று. உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் அரோமட்டேஸ் தடுப்பிகளுக்கு அடங்காமற்போன நோய் கொண்ட 66 பெண்களுக்கு, எஸ்ட்ராடையாலையே நாளுக்கு 6 மில்லிகிராம் அல்லது 30 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 28, 29 பேருக்கு நோய் சுருங்கியது அல்லது குறிப்பிட்ட காலம் வரை வளராமல் நின்றது. நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழப் பழகிய புற்றுச்செல்களுக்கு அது திடீரென வந்தால், அவை தாமே தம்மை அழித்துக்கொள்ளும் நிகழ்முறை தூண்டப்படுகிறது என்பது ஆய்வகத்தில் கண்ட விளக்கம். ஒரே செய்தி, செல்லின் நிலைக்கேற்ப வளர்ச்சியாகவும் சாவாகவும் படிக்கப்படுகிறது.

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றிய விவாதத்தில் தீனிக் கொள்கை செய்த குழப்பம் இன்னும் பெரிது. அமெரிக்காவின் பெண்கள் உடல்நல முன்னெடுப்பு என்னும் பெரும் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனோடு செயற்கைப் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடியது என்ற செய்தி 2002-இல் உலகெங்கும் பரவி, ஈஸ்ட்ரோஜன்தான் குற்றவாளி என்ற எண்ணத்தை உறுதியாக்கியது. அதே ஆய்வின் மற்றொரு பிரிவு அவ்வளவு பேசப்படவில்லை: கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் பெற்றவர்களிடையே, இருபது ஆண்டுகளைத் தொட்ட பின்தொடர்வில், போலி மாத்திரை பெற்றவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், அதனால் ஏற்பட்ட இறப்பு ஐந்தில் இரு பங்கும் குறைந்திருந்ததை 2020-இல் வெளியான முடிவு காட்டியது. நோயாளிகளைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் வகை ஆய்வுகள் சில இதற்கு மாறாக ஈஸ்ட்ரோஜன் தனித்தும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுவதாகச் சொல்கின்றன என்பதையும் இங்கே மறைக்கலாகாது; ஆகவே இம்முடிவைக் கொண்டு எவரும் தாமாக மாத்திரை எடுத்துக்கொள்ள இடமில்லை. ஆனால், ஈஸ்ட்ரோஜன் வெறும் தீனியாக மட்டும் இருந்தால் இப்படியொரு முடிவு வந்திருக்கவே முடியாது. உணவைப் பற்றிய அச்சத்துக்கும் இதே கதிதான்: சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருள்கள் உள்ளன என்பதால் அது நோயை வளர்க்கும் என்று பலர் விலக்குகின்றனர்; ஆனால் ஷாங்காயில் நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயாவை அதிகம் உண்டவர்களிடம் நோய் திரும்புவது குறைவாகவே காணப்பட்டது.

டாமாக்சிபெனின் இரட்டைக் குணத்தையும் தீனிக் கொள்கையால் விளக்க முடியாது. மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராக நிற்கும் அதே மூலக்கூறு, மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்து அடர்த்தியைக் காக்கிறது. கருப்பையிலும் அப்படியே நடப்பதால் அங்கு புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகிறது. இதன் நுட்பத்தை 1998-இல் ஜெஃப்ரி கிரீனும் டேவிட் ஏகார்டும் அடங்கிய குழு, ஏற்பியின் படிகத்தை எக்ஸ்-கதிரால் படமெடுத்துக் காட்டியது. ஏற்பியின் பன்னிரண்டாம் சுருள், எஸ்ட்ராடையால் வந்து அமர்ந்ததும் அதன்மேல் மடிந்து, துணைப்புரதங்கள் வந்து சேரும் பள்ளத்தை அமைக்கிறது. டாமாக்சிபென் அமர்ந்தாலோ அதன் நீண்ட பக்கக்கிளை வெளியே துருத்தி நிற்கிறது. சுருள் மடிய இடமின்றி விலகி, துணைப்புரதங்களுக்குரிய அந்தப் பள்ளத்திலேயே தான் போய்ப் படுத்துக்கொள்கிறது. எந்தத் திசுவில் எந்தத் துணைப்புரதங்கள் மிகுந்துள்ளன என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

புராஸ்டேட்டிலும் நிலை வேறன்று. டெஸ்டோஸ்டீரோனை மருந்தால் அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகும் கட்டி மீண்டும் வளர்வதைத் தீனிக் கொள்கையர் ஹார்மோனே தேவைப்படாத கட்டி என்று நெடுநாள் அழைத்தனர். 2004-இல் சார்லஸ் சாயர்ஸின் குழு அத்தகைய கட்டிகளில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் அளவு பெருகியிருப்பதைக் காட்டியது. மிச்சமிருந்த சொற்ப ஹார்மோனே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

மார்பக நோயிலோ ஏற்பி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அரோமட்டேஸ் தடுப்பிகளை நெடுநாள் உட்கொண்ட பெண்களின் பரவிய கட்டிகளில், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவிலேயே பிறழ்வுகள் ஏற்பட்டிருப்பதை 2013-இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன; அவற்றில் அடிக்கடி காணப்படுபவை புரதத்தின் 537, 538-ஆம் இடங்களில், அதாவது அதே பன்னிரண்டாம் சுருளின் வாயிலில் நிகழ்பவை. அங்கே ஓர் அமினோ அமிலம் மாறியதும், எஸ்ட்ராடையால் வராமலேயே சுருள் மடிந்து, ஏற்பி இடைவிடாது இயங்குகிறது. இத்தகைய பிறழ்வு கொண்ட நோய்க்கென 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எலாசெஸ்ட்ரன்ட் என்னும் மாத்திரை, உடலின் ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறைக்க முனைவதில்லை. அது ஏற்பியையே பற்றி முடக்கிச் சிதைவுக்கு அனுப்புகிறது.