மாடியிலிருந்து இறங்கும் இரண்டு கம்பிகள்

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அளிக்க முன்வந்ததன் பயனாக, சிற்றூர்களின் மொட்டை மாடிகளிலுங்கூடச் சோலார் பேனல்கள் வெயிலை வாங்கிக்கொண்டிருப்பது எனக்கு மெய்யாகவே ஆனந்தம் தருகிறது. ஆயினும், பேனலின் விலையையும் உத்தரவாத காலத்தையும் துருவித் துருவி விசாரிக்கிற நம்மவர், அதிலிருந்து இன்வெர்ட்டருக்கு இறங்கிவரும் இரண்டு கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாதிருப்பது கவலைக்குரியது.

அக்கம்பிகள் வந்து சேரும், மின்வாரிய லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், தெருவில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில் வீடு இருண்டு கிடக்கிறதே என்று மனம் நோகிறவர்களுக்கு, விற்பவர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் இப்படி நிற்பது குறையன்று. லைனில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும் வேளையில், நம் வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கிப் பாயுமானால், மறுபக்கத்தில் அது 11,000 வோல்ட்டாக எழக்கூடும் என்பதனாலேயே, இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவுச் சரக்கை அனுமதியின்றிச் சுவர் பிளக்கில் செருகுகிறவர், முகமறியாத ஒரு தொழிலாளியின் பிராணனைப் பணயம் வைக்கிறார்.

இன்வெர்ட்டர் ஓய்ந்தாலும் மாடி ஓய்வதில்லை. 540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 50 வோல்ட் தரும். ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால், சூரியன் உள்ளவரை அக்கம்பிகளில் 300 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அதுவும் டிசி மின்சாரம். நம் வீட்டு ஏசி மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால், அதில் எழும் பொறி தானே அவிந்துபோக இடமுண்டு. டிசிக்கு அத்தகைய இடைவெளியே கிடையாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில், பேனல் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கினால், விலகும் முனைகளுக்கிடையே சுடர் தாவி நின்று பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். வேறு வேறு கம்பெனிகளின் கனெக்டர்களைச் சேர்த்துப் பூட்டினாலோ, வெளிப்பார்வைக்குக் கச்சிதமாகத் தோன்றி, உள்ளே நாளடைவில் சூடேறும்.

ஆகவே, வெயிலில் வெடித்துப்போகும் சாதாரண வீட்டு ஒயருக்குப் பதிலாகச் சோலார் கேபிளும், டிசிக்கென்றே தயாரித்த துண்டிப்பு ஸ்விட்சான ஐசொலேட்டரும், பேனல் சட்டங்களுக்கு முறையான எர்த்தும் வேண்டுமென்று வீட்டுக்காரர் வற்புறுத்த வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் மீட்டரோடு திருப்தியடையாமல், மாடியேறி இணைப்புகளைச் சோதித்து எர்த்தை அளந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். இன்வெர்ட்டரின் பக்கத்துச் சுவரில், வீட்டிலுள்ள யாவரும் படிக்கத்தக்க பெரிய தமிழ் எழுத்துக்களில் ஒரு குறிப்பும் ஒட்டியிருக்கட்டும்: முதலில் ஏசி ஸ்விட்சை அணைக்கவும், அடுத்து டிசி ஐசொலேட்டரை அணைக்கவும், அதன் பின்னரும் மாடிக் கம்பிகளைத் தொடாமல், பொருத்திக் கொடுத்தவரை அழைக்கவும்.