கந்தாயத்தில் ஆறு காசு

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வீட்டுக் கந்தாயம் கட்டுகிற ஒவ்வொருவரும் லைப்ரரிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். கந்தாயம் ஒரு ரூபாய் என்றால் அதன்மேல் ஆறு காசு நூலக வரி. 1965-ஆம் ஆண்டின் கர்நாடகப் பொது நூலகச் சட்டப்படி நகரசபை அதை வசூலித்து நூலகத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சாக்கடைக்கோ தெருவிளக்கிற்கோ திருப்பிவிட நகரசபைக்கு உரிமை இல்லை. ஆனால் பெங்களூரு மாநகராட்சியே இந்த வரியில் பல நூறு கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்தது பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. தலைநகரத்தின் யோக்கியதை அதுவென்றால் நம்முடைய ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் கணக்கு என்ன? வசூலானது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, அதில் நம் பேட்டைக்குத் திரும்பி வந்தது எவ்வளவு?

இதை இப்போதே கேட்டாக வேண்டும். பணத்தைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். வாசகர்களை அப்படித் திரும்பப் பெற முடியாது. தங்கவயலில் தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறது. அதில் தவறில்லை, பிழைப்புக்கு அது வேண்டும். ஆனால் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வெளியே இருக்கிற இடம் லைப்ரரி ஒன்றுதான். அங்கே தமிழ் அலமாரி மெலிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். கேட்பாரில்லை என்று வாங்க மாட்டார்கள். வாங்காததால் கேட்க யாரும் வர மாட்டார்கள். பத்து வருடத்தில் அலமாரியையே எடுத்துவிடலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இது நடக்கக் கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்கத்திற்கு வந்தவர்கள் லைன் வீட்டு இருட்டிலும் பத்திரிகை படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்திற்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. 1914-இல் அவர் மறைந்தபின், 1920-களின் பிற்பகுதியில் அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் மறுபடி உயிர்பெற்றது சென்னையில் அல்ல, இங்கே. ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டதும் இந்தத் தங்கவயலில்தான். பிற்காலத்தில், 1999-இல், ஞான அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்தபோது கைகொடுத்தவை தனிமனிதர்கள் பாதுகாத்து வைத்திருந்த பழைய ‘தமிழன்’ தாள்கள். தொகுப்பு வெளிவந்தது பாளையங்கோட்டையிலிருந்து. அதன் ஒரு படியாவது நம் ஊர்ப் பொது நூலகத்தில் இருக்கிறதா என்று அதிகாரிகள் சொல்லட்டும்.

புத்தகத்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரின் பாதி உயிர் ரயிலில்தான் ஓடுகிறது. இருட்டோடு மாரிகுப்பம் வண்டியைப் பிடித்து பெங்களூர் போகிறவர்கள் இருட்டிய பின்தான் திரும்புகிறார்கள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் என்று திறக்கும் கிளை அவர்களுக்கு எதற்கு? அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒற்றை அறை வீட்டில் மேசை போட இடமில்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், முதியோர் பென்ஷன், குவார்ட்டர்ஸ் பத்திரம் என்று எல்லாமே இன்று இணையத்தில். இரண்டு கம்ப்யூட்டரும் பொறுமையான ஒரு ஊழியரும் இருந்தால் போதும், விதவைத் தாய்மார்கள் புரோக்கருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். 1940-க்கும் 1946-க்கும் இடையே இங்கே சோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களில் 3,402 பேருக்குச் சிலிக்கோசிஸ். நுரையீரலில் கல்தூசியோடு செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை ஆவணங்களைத் தேடிப் படிக்க ஒரு மேசை கேட்பது பேராசையா?

தமிழ் கேட்டால் கன்னடத்துக்கு எதிரி என்று கிளப்பிவிட ஆட்கள் இருப்பார்கள். தேர்வுக்கான கன்னடப் புத்தகங்கள் இன்னும் அதிகமாக வேண்டும் என்றுதான் நாமும் கேட்கிறோம். தெலுங்கும் உருதுவும் பேசுகிற வீடுகளும் இங்கே உண்டு, அவர்களுக்கும் அலமாரி வேண்டும். 1948-இல் சென்னை மாகாண நூலகச் சட்டத்துக்கு வழிகாட்டிய சீர்காழிக்காரர் அரங்கநாதன், தன் கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தவர். வாசகரைப் பார்த்துப் புத்தகம் வாங்கு என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. அந்த வாசகர் எந்த மொழிக்காரர் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

நகரசபை கடந்த பத்தாண்டு நூலக வரிக் கணக்கை வார்டு வாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பாக்கி இருந்தால் தவணை போட்டாவது இந்த நிதியாண்டிலேயே கட்டத் தொடங்க வேண்டும். நூலகத் துறை ஆண்டர்சன்பேட்டையில் இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும் வாசிப்பறை தர வேண்டும், தமிழ்ப் புத்தகத்திற்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டும். பழைய தங்கவயல் இதழ்களைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்களை அணுகி, அவர்கள் சம்மதத்தோடு ஸ்கேன் எடுக்கும் வேலை மழைக்கும் கரையானுக்கும் முந்த வேண்டும். வாசகர்களே, அடுத்த முறை கந்தாயம் கட்டப் போகும்போது ரசீதில் நூலக வரி என்ற வரியைத் தேடுங்கள். கவுண்டரிலேயே எழுத்தில் கணக்குக் கேளுங்கள். பதில் தராவிட்டால் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.